பச்சைப் புள்ளி வைத்த தேனீக்கள்

பக்கத்து வீட்டு யோஹான், சமையலறைக்குள் தேனீ வந்துவிட்டால் கண்ணாடி டம்ளரால் அதை மூடி, அடியில் ஒரு தபால் அட்டையைச் செருகி, படியிறங்கிப் போய்த் தோட்டத்தில் விட்டுவிட்டு வருவார். ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து பல வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. தேனீக்கு இத்தனை உபசாரம் செய்கிற மனிதர், என் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் தேனீக்களை ஆராய்கிறவள் என்று தெரிந்தபோது, "உங்கள் ஊரில் தேனீ உண்டா?" என்றார். "அப்பா வீட்டுப் பால்கனிக்கு மேலேயே கூடு இருக்கிறது" என்றேன். "கொடுத்து வைத்தவர்" என்றார். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

அப்பா இருப்பது மேடவாக்கத்தில், தண்ணீர் லாரி வராத நாளில் எல்லா மாடியும் முணுமுணுக்கிற ஒரு அபார்ட்மென்டில். தாம்பரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா போனபின் தனியாள். அவருடைய பால்கனிக்கு மேலே, மொட்டை மாடியின் நீட்டிய சிலாபுக்கு அடியில், புங்கை பூக்கும் சமயத்தில் மலைத்தேனீ வந்து கூடு கட்டும். சில மாதங்களில் வெறும் தேனடையை விட்டுவிட்டு எங்கோ போய்விடும். அடுத்த வருஷம் அதே சிலாபு. திரும்பி வருவது போன கூட்டம்தானா, வேறொன்றா என்பதுதான் என் ஆராய்ச்சி. செத்து விழுந்த தேனீக்களின் காலிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே ராணியின் பிள்ளைகள். லேபில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அழுதேன், சந்தோஷத்தில்தான். இந்தக் கூட்டின் பெயரைச் சொல்லித்தான் பல்கலைக்கழகம் எனக்கு வருஷா வருஷம் டிக்கெட் போடுகிறது. கூடு இருக்கும்வரை அப்பாவைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் லீவு சேர்த்து, டிக்கெட்டுக்குக் காசு பார்த்து, எப்போதோ.

இந்த வருஷம் அவை எந்தப் பூவுக்கு, எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்க்க நினைத்தேன். மேடவாக்கம் போனதும் மொட்டை மாடியில் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, குடிக்க வந்தவற்றின் முதுகில் பச்சைப் பெயின்டால் புள்ளி வைத்தேன். எங்கள் வேலையில் இது பாலபாடம். துணி காயப்போட வந்த அசோசியேஷன் செக்ரட்டரி சீனிவாசன் சார், "என்னம்மா பண்றீங்க?" என்றார். கேட்ட மாத்திரத்தில் குளிர்ந்துபோய், ஜீன், டிஎன்ஏ, மகரந்தச் சேர்க்கை என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். "ஓ, சூப்பர்மா" என்றார். அன்று மாலை இரண்டாவது மாடியில் டியூப்லைட்டில் மோதி ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் அதன் படம். கீழே, "ஜீன் மாத்தின பூச்சியாம். ஃபாரின்லேர்ந்து கொண்டாந்து நம்ம மேல டெஸ்ட் பண்றாங்க. குழந்தைங்க இருக்கிற இடம்." இத்தனை வருஷம் அந்தக் கூட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர்கள்தான்.

மறுநாள் மைக்ரோஸ்கோப் கேட்டுத் தாம்பரத்தில் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைந்ததுமே மெழுகு கருகிய நாற்றம். சிலாபின் அடியில் கரி. தீப்பந்தம் கொண்டுவந்த ஆட்கள் போய்விட்டார்கள். பிழிந்த தேனை வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். எங்கள் பங்கு சாப்பாட்டு மேஜையில், எவர்சில்வர் டம்ளரில், மேலே தட்டு மூடி.

"சீனிவாசன் சார் கேட்டாரு. நான்தான் சரின்னு சொன்னேன்" என்றார் அப்பா.

"ஏம்ப்பா? அது இல்லேன்னா நான் வர முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்மா. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். கதவை உடைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அவருதான். சர்ச்சுக்கும் அவர் ஸ்கூட்டர்லதான் போறேன். நீ பிளேன் ஏறிடுவ. நாளைக்கு விழுந்தா அவர்தானே வரணும்?"

அவர் விழுந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். போனில் தினமும் பேசியிருக்கிறோம், தினமும் "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறார். கோபப்பட எனக்கு என்ன உரிமை இருந்தது? பெட்டியைக் கட்டினேன். தேனை நான் தொடவில்லை. அவரும் தொடவில்லை.

இங்கே ஜெர்மனியில் வந்து இறங்கியதும் வீடியோவில் கூப்பிட்டேன். எனக்கு நல்ல வெயில், அவருக்கு இருட்டிவிட்டது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

"லைட்டைப் போடுங்கப்பா."

"வேணாம்மா. அன்னைக்கு பூவுக்குப் போயிருந்ததெல்லாம் திரும்பி வந்து, அந்தக் கரி மேலயே ஒரு கைப்பிடி தொங்கிட்டிருக்கு. உன் பச்சைப் புள்ளியும் ஒண்ணு ரெண்டு இருக்கு. லைட் போட்டா உள்ள வந்து மோதிச் செத்துடும். சீனிவாசன் சார்கிட்ட நான் இன்னும் சொல்லல."

ராணியும் அடையும் போன பிறகு அந்தக் கைப்பிடிக்கு இன்னும் சில நாள்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருட்டுல நடக்காதீங்கப்பா, விழுந்துடுவீங்க."

"நடக்கலம்மா. உக்காந்துதான் இருக்கேன்" என்று குரல் மட்டும் வந்தது. ஜன்னலோர வெயிலில் நின்றபடி, கையிலிருந்த கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.