நூறு குழிக்கு மேல்

கீழ்வேளூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக் கணக்கு எனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். தலைமையாசிரியரிடம் சொல்லத்தான் விட்டுப்போயிற்று.

அப்போது எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். 'அ' பிரிவு என்னுடையது. நடுவில் மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் சிரிப்பு, இந்தப் பக்கம் கொட்டாவி.

சதவீதப் பாடம் வந்தது. நான் சதவீதத்தின் வரையறையை இரண்டு முறை எழுதச் சொன்னேன். தட்டிக்கு அப்பால் டீச்சர் கேட்டார்:

"ஒரு மா நிலத்துக்கு எத்தனை குழி?"

"நூறு!" கூரை அதிர்ந்தது. எல்லாம் வயல்காட்டுப் பிள்ளைகள்.

"அதுல கால் பங்கு?"

"இருபத்தஞ்சு குழி!"

"அதான் இருபத்தஞ்சு சதவீதம். முடிஞ்சுது."

இத்தனை வருஷத்தில் இது எனக்கு ஏன் தோன்றவில்லை? என் மாணவர்களே தட்டிப் பக்கம் காதை நீட்டினார்கள். என் வயிற்றெரிச்சலில் ஒரு பானை சோறு வெந்திருக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி. மேல்வகுப்பு யாருக்கு என்று தீர்மானிக்கத் தலைமையாசிரியர் இரண்டு பிரிவிலும் ஒரே கணக்கைக் கேட்டார். போன வருஷம் இருபது கலம் நெல் விளைந்த வயலில் இந்த வருஷம் இருபத்தைந்து கலம். இது போன வருஷ விளைச்சலில் எத்தனை சதவீதம்?

என் பிரிவு ஒரே குரலில் "நூற்றிருபத்தைந்து" என்றது. நான் மீசையைத் தடவிக்கொண்டு தட்டியோரம் நின்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெண் எழுந்தாள். "நூத்தி இருபத்தஞ்சு வருது சார். ஆனா தப்பு."

"ஏம்மா?"

"நூறு குழியோட மா முடிஞ்சிடுது. அதுக்கு மேல போனா பக்கத்து வயல் சார். கேஸ் போட்டுடுவாங்க. எங்க வீட்டுல ஏற்கனவே ஒண்ணு நடக்குது."

ஆட்சி மாறி, குத்தகைச் சண்டையும் வரப்புச் சண்டையும் கோர்ட்டு வாசலில் நின்ற காலம். அவள் பயம் நியாயமானதுதான். எனக்கோ உள்ளுக்குள் நாதஸ்வரம். டீச்சர் தொலைந்தார்!

தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். "கேட்டீங்களா சார்? உங்க புள்ளைங்க விடை சொல்லுதுங்க. டீச்சரோட புள்ளைங்க யோசிக்குதுங்க. டீச்சரே மேல்வகுப்பைப் பாத்துக்கட்டும்."

மத்தியானம் டீச்சர் என்னிடமே வந்தார். "சார், நூறுக்கு மேலே எப்படிங்க புரியவைக்கிறது? நீங்கதான் சீனியர்."

கடுப்பில் சொன்னேன்: "புறம்போக்குன்னு சொல்லுங்க. யாரும் கேஸ் போட முடியாது."

மறுநாள் தட்டிக்கு அப்பால் ஒரே கைதட்டல். தலைமையாசிரியர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"புறம்போக்காம் சார்! எப்படித்தான் தோணுதோ அந்தம்மாவுக்கு!"

"அதானே சார்," என்றேன். "எப்படித்தான் தோணுதோ!"