வேப்பமரத்தடிச் சாப்பாடு

என் வீட்டுக்காரருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. அங்கே கை நடுங்கக் கூடாது, தலை சுற்றக் கூடாது. ஒரு தட்டு கைதவறினால் அள்ளிக் கட்டக்கூட ஒன்றும் மிஞ்சாது. இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கம்பெனிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸம்மா, அவர் கையில் சுற்றிய பட்டையைக் கழற்றாமல் இன்னொரு தடவையும் காற்றடித்துப் பார்த்தார்.

"தலை கிறுகிறுன்னு வருதா?"

"எப்பவாச்சும் வரும் சிஸ்டர்" என்றார் இவர், ஏதோ விருந்தாளி வந்து போவதைப்போல.

நர்ஸம்மா மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். அன்றோடு வீட்டில் கருவாட்டை நிறுத்தினேன். குழம்பிலும் உப்பைக் குறைத்தேன். முகம் சுளித்தவரோடு தினமும் சண்டை. நான் பட்டாசுக் குழாயில் வெடிமருந்து அடைக்கும் அறை அவர் அறைக்குச் சற்றுத் தள்ளி. அந்தப் பக்கம் தகரம் விழுந்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

அடுத்த தடவை பார்த்தபோதும் அழுத்தம் குறையவே இல்லை. "வீட்டுல உப்பைக் குறைச்சீகளா, இல்லையா?" என்று நர்ஸம்மா என்னைத்தான் கேட்டார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மதியம் வேப்பமரத்தடியில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் சாப்பிடுவோம். அன்று அவர் மறந்துவிட்ட மாத்திரையைக் கொடுக்க அந்தப் பக்கம் போனேன். அவருடைய தூக்குவாளி மூடியில் ஊறுகாய், வறுத்த கருவாடு, ஒரு கை காராச்சேவு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைக்கும் மதினிதான், அவர் தங்கை, இன்னும் ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாக. எங்கண்ணன் அம்புட்டுத் தூசியில நிக்காக, நீ பத்தியச் சோறு கட்டிவிடுத!"

மாத்திரையை அவர் கையில் திணித்தேன். அவளை மட்டும் திட்டி என்ன செய்ய? கொண்டுவந்ததைச் சுற்றுக்கு விட்டால்தான் எங்களுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். வேண்டாம் என்றால் பகை.

கம்பெனி வாசலில் இன்னும் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன்.

"ஒரு வீட்டுச் சட்டியில குறைச்சாப் பத்தாதும்மா. இந்த மரத்தடிக்கு வர்ற எல்லாச் சட்டியிலயும் குறையணும். அதுக்குக் காசா பணமா? எல்லாரையும் வரச் சொல்லுங்க, பிரஷர் பாத்துருவோம்" என்றார் நர்ஸம்மா.

வரிசையில் மதினியும் வந்தாள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று கையை நீட்டினாள்.

நர்ஸம்மா பட்டையைக் கழற்றவில்லை. மறுபடியும் காற்றடித்தார். அழுத்தம் என் வீட்டுக்காரருக்கு இருந்ததைவிட அதிகம்.

"தலை கிறுகிறுன்னு வருதா?"

மதினி என்னைப் பார்த்தாள். "தெனமும் வருது சிஸ்டர். வெயிலுக்குன்னு நெனச்சேன்."

இத்தனை நாளும் அவர் அறைப் பக்கமே காதை வைத்துப் பயந்துகொண்டிருந்தேன். மதினி மருந்து அடைப்பது என் முழங்கை இடிக்கும் தூரத்தில்.