கொலோன் போக ஒரு முத்திரை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஜெர்மனியில், ரூர் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தேன். அகதி வழக்கு முடியும்வரை அதன் எல்லையைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. கடைசி டிராம் தரிப்பில் நின்று அடுத்த ஊரின் சூப்பர்மார்க்கெட்டைப் பார்க்கலாம், போகக் கூடாது. அங்கே தக்காளி மலிவு என்று வேறு சொல்வார்கள். எரிச்சலாக வரும்.

அந்த நாட்களில்தான் ஜெர்மனியிலேயே பிறந்த கறுப்பினப் பெண் ஒருவர் தன் நாட்டிய நாடகத்துக்கு என்னை அழைத்தார். எனக்குப் பரதம் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, மிருகக்காட்சிச்சாலையில் வேலிக்குள் விட்டு, டிக்கெட் வாங்கியவர்கள் முன் ஆடவைத்த கதை. பள்ளிக்கூடத்தில் இதை எவரும் தனக்குச் சொல்லித் தரவில்லை என்றார். அவர் தேடியெடுத்த பழைய சுவரொட்டியில் யானையின் பெயர் இருந்தது, ஆடிய பெண்ணின் பெயர் இல்லை. அந்தப் பெண்ணாக நான் ஆட வேண்டும். ஒத்திகை எங்கள் நகரத்திலேயே நடந்தது. மேடை மட்டும் எனக்கு விதித்த எல்லைக்கு வெளியே, கொலோனில்.

அனுமதி கேட்டு அன்ராக் என்கிற விண்ணப்பம் எழுதி, நாடகம் போட்ட பெண் தந்த அழைப்புக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். மொழிபெயர்க்கத் தெரிந்த அண்ணை ஒருவர் கூட வந்தார். அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, மேசையைச் சுற்றி வந்து ஏதோ கேட்டார்.

“நீங்கள் உண்மையா டான்ஸ் ஆடுறனீங்களோ எண்டு கேக்கிறார். ஒருக்கா ஆடிக் காட்டட்டாம்.”

“இஞ்சையோ அண்ணை? ஏலாது.”

“கோவிக்காதேங்கோ. முத்திரை அவற்ற கையிலதான் கிடக்கு.”

எழுந்தேன். ஆடுமுன் நிலத்தைத் தொட்டு, அதை மிதிக்கப்போவதற்கு மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். கை தன்பாட்டில் அதைச் செய்துவிட்டது. குனிந்து தொட்ட இடம் அவருடைய சப்பாத்துக்கு முன்னால். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து அறைக்காரியையும் கூப்பிட்டார். கோப்பு அலுமாரிக்கும் மேசைக்கும் இடையில் தட்டடவு போட்டேன். முத்திரை விழுந்தது.

“தன்னைக் கும்பிட்டனீங்கள் எண்டு நினைச்சிட்டார்,” என்றார் அண்ணை, படியிறங்கும்போது. “நான் மாத்திச் சொல்லேல்லை.”

நானும் சொல்லச் சொல்லவில்லை.

கொலோனில் ஆடினேன். நன்றாகவே கைதட்டினார்கள். அனுமதி எப்படிக் கிடைத்தது என்று நாடகம் போட்ட பெண் கேட்டபோது, கடிதமே போதுமாக இருந்தது என்று பொய் சொன்னேன்.

மறுமாதமும் அங்கே காட்சி இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக முத்திரை வேண்டும் என்பதால் அண்ணையும் நானும் திரும்பவும் அலுவலகம் போனோம். பக்கத்து அறைக்காரி முன்கூட்டியே வந்து நின்றாள். அதிகாரி கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. எழுந்து கதிரையைத் தள்ளி வைத்தேன்.