குன்றில் எடுத்த மட்டாஞ்சேரி மண்

என் பதவியின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது: பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் நிலப்பொறியியல் திட்டத்தின் ஆராய்ச்சி உதவியாளர். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட ஒப்பந்தம். கடல்நீர் ஏறும்போது மட்டாஞ்சேரியின் அடிமண் என்ன ஆகிறது, அதன்மேல் நிற்கும் வீடுகளை எப்படிக் காப்பாற்றுவது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். நான் மட்டாஞ்சேரியில் பிறந்தவள், மண் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். நேர்காணலில் இந்த இரண்டைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. "பவர்பாயிண்ட் நன்றாகச் செய்வீர்களா?" என்று கேட்டார்கள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் ஒரு டீச்சரின் வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். ஓய்வுபெற்றவர், பாலக்காட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கடல் ஏறும் நாட்களில் காயல் தண்ணீர் ஓடை வழியாக அவருடைய சமையலறை வரை வந்துவிடும். திட்டத் தலைவரான பேராசிரியர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, புகைப்படக்காரரோடு காலையில் வந்து இறங்கினார். முற்றம் காய்ந்து கிடந்தது.

"வெள்ளம் எவிடே?" என்றார், பந்திக்கு வந்து பாயசம் தீர்ந்துபோனதைக் கேட்டவர் மாதிரி.

டீச்சர் சாயா டம்ளரை நீட்டினார். "நாலு மணிக்கு வாங்கோ சாரே. என் கட்டில்மேலே உக்காந்து நன்னா காணலாம்."

அவர் அதை அழைப்பென்று நினைத்து நன்றி சொன்னார்.

மண் எடுக்கத் துளையிடும் இயந்திரம் லாரியில் வந்தது. சந்தில் திரும்ப முடியவில்லை. சிறிய இயந்திரம் வரவழைக்கலாம் என்றேன். பேராசிரியருக்கு அதைவிடச் சுலபமான வழி தோன்றியது. பல்கலைக்கழக வளாகத்திலேயே துளை போடச் சொன்னார். வளாகம் இருப்பது குன்றின்மேல். அங்கே செம்மண், அதற்குக் கீழே கெட்டியான வெட்டுக்கல் பாறை. மட்டாஞ்சேரிக்கு அடியில் இருப்பதோ விரல் வைத்தால் உள்ளே இறங்கும் கடற்களிமண்.

"சார், ரெண்டும் வேற வேற மண்."

"மண்ணு மண்ணல்லே?" என்றார். பாதி வாழ்நாள் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்தியவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நானே டீச்சர் வீட்டுக்குப் போனேன். கையால் திருகும் துளைக்கம்பியை அவர்கள் முற்றத்தில் இறக்கினார்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று மண் ஏறிவந்தது.

"அக்கா, இதுமேலயா வீடு கட்டிருக்காங்க?" என்றார் ஒருவர். எங்கள் திட்டத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

டீச்சரிடமும் ஒரு கேள்வி இருந்தது. "மோளே, தரையை ரெண்டு தடவை ஒசத்தியாச்சு. சுவர்லே விரிசலும் விட்டாச்சு. இன்னும் ரெண்டு லோடு கல்லும் மண்ணும் கொட்டலாம்ங்கறான் கான்ட்ராக்டர். கொட்டட்டுமா, வேண்டாமா?"

ஆய்வகத்தில் சோதித்தபோது பதில் தெளிவாகக் கிடைத்தது. கொட்டக் கொட்ட அந்தப் பாரம் களிமண்ணை அழுத்துகிறது. வீடு இன்னும் தாழ்கிறது. பேராசிரியரிடம் காட்டினேன். வளாகத்து எண்களோடு பொருந்தாததால் என் எண்கள் பிழை என்றார். வீட்டுக்காரர்களுக்கு யோசனை சொல்வது திட்டத்தின் நோக்கத்திலேயே இல்லையாம்.

கலூரில் ஒரு ஹோட்டலின் ஏசி அரங்கில் முடிவுகளை வெளியிட்டார்கள். மட்டாஞ்சேரி மண் எதிர்பார்த்ததைவிட உறுதியானது என்று திரையில் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் இரண்டு தட்டு தட்டினேன். அந்த இரண்டு தட்டுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று மாலையே அறிக்கையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுநாளே எடுத்துவிட்டார்கள், அந்த அலுவலகம் இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டிக்கவில்லை.

டீச்சருக்குச் செய்யவேண்டியதை ஒரு தாளில் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும். பழைய கல்லையும் மண்ணையும் வெட்டி அள்ளிவிட்டு, உள்ளே வெற்றிடமுள்ள லேசான கற்களைப் பழைய தரையைவிட உயரமாக அடுக்கி, மேலே மெல்லிய தளம் போடச் சொன்னேன். கான்ட்ராக்டர் சிரித்தார்.

"எட்டாங்கிளாஸ்ல ஒனக்குக் கணக்குப் பாடம் எடுத்தது நான்தான்," என்றார் டீச்சர் அவரிடம். "அவ எழுதினபடி செய்."

செய்தார். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. முற்றத்தில் தண்ணீர் இப்போதும் ஏறுகிறது; சமையலறைக்குள் வருவதில்லை. சுவரின் விரிசல் பெரிதாகவில்லை. பேராசிரியரின் திட்டத்துக்கு இரண்டாம் கட்டம் அனுமதியாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். குன்றில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

நான் இப்போது ஒரு கட்டட நிறுவனத்தில் அடித்தள மண்ணைச் சோதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே விருதுநகர்க்காரர்கள் இருவரோடு கொச்சங்காடிக்குப் போகிறேன். சந்தில் மற்றவர்களும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் நான்காவது வீட்டில் துளை போட்டோம். அங்கே களிமண் இன்னும் மோசம்.