கிடாருக்குள் ஒரு சிவப்புப் பொட்டு

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். கர்த்தர் விடவில்லை.

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் நான் கிடார் வாசிக்கிறேன். உள்ளே பேட்டரி போட்ட கிடார். அது ஒலித்தால் பாடுகிறவர்கள் குரலே எடுபடாது. ராயப்பேட்டையில் கிடார் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். மெலிந்த மனிதர், மருதாணி தாடி. பேட்டரியை நாக்கில் வைத்துத்தான் சோதிப்பார். உள்ளே இருந்த சின்னத் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தார். அது நகராமலிருக்க அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தார்.

வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் வாசித்தால் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எரிச்சலில் நானே திருகைத் திருப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் அலறி, பாட்டு பாதியில் நின்றது. "ரிப்பேர்காரர் சொதப்பிட்டாரு" என்று குழுத் தலைவரிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் குழுத் தலைவர் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். "இன்னா பாய், இதான் நீ வேலை செய்ற லட்சணமா? இனிமே எங்க சர்ச் சாமான் எதுவும் இங்க வராது."

பாய் மூடியைக் கழற்றினார். உடைந்திருந்த பொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தப்பு நம்மளுதுதான் சார். ரெண்டு நிமிஷம் குந்துங்க, சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றார். புதுப் பொட்டும் வைத்தார்.

ஆலய வேலை அத்தோடு அவருக்கு நின்றுபோனது. என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பது முழங்காலில் நின்று கேட்டும் விளங்கவில்லை. இதை யாருக்காவது சொன்னால், என் முகத்துக்காக எதையும் குறைக்காமல், திருப்பியது நான்தான் என்றே சொல்லுங்கள்.