கல்லை விட்டுவிட்டுப் பூசணிக்காய்

நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நான்காம் நாள், விழுந்த அதே இடத்தில் என் கொழுந்தன் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தான். மாவுக்கட்டுப் போட்ட இடது கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சேதி வந்தபோது சிரிப்பதா, அவனை நாலு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை.

நான் கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உத்திரமேரூரைச் சுற்றி ஐந்து ஊர்களுக்குப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வண்டி இல்லையென்றால் எனக்கு இந்த வேலை இல்லை.

எங்கள் பக்கம் ஹெல்மெட் என்பது போலீஸ் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாட்டிக்கொள்ளும் சாமான். மற்ற நேரம் முழங்கையில் தொங்கும். நானோ தெருமுனைக் கடைக்குப் போனாலும் பட்டியை இறுக்கிப் போட்டுக்கொள்வேன். "இன்னா நர்ஸம்மா, பால் வாங்கப் போறதுக்குமா தலைல குண்டான் கவுத்துக்கினு போறீங்க?" என்று கேலி பேசாதவர்கள் குறைவு. உடைந்து வந்த மண்டைகளுக்குக் கட்டுப் போட்டவள் நான். கேலி பேசியவர்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அன்று வேலை முடிந்து திரும்பும்போது மணி ஆறரை இருக்கும். எதிரே ஜல்லி லாரி, ஹை பீமில். நான் இரண்டு முறை விளக்கைத் தாழ்த்திக் காட்டினேன். அவன் தாழ்த்தவில்லை. டூ வீலரில் வருகிறவர்களுக்கும் கண் இருக்கிறது, அது கூசும் என்று இந்த லாரிக்காரர்களுக்கு யார் சொல்வது? வேகத்தைக் குறைத்து, ஒன்றும் தெரியாமலே இடப்பக்கம் ஒதுங்கினேன். முன்சக்கரம் எதிலோ மோதியது. முதலில் தரையில் பட்டது தலைதான். ஹெல்மெட் விரிசல் விட்டது, மண்டை தப்பித்தது, மணிக்கட்டு போனது.

மோதியது ஒரு கல். அறுவடை வந்தால் எங்கள் ஊரில் பாதித் தார்ச்சாலை களமாகிவிடும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், காயவைக்க வேறு இடமும் கிடையாது. அது நியாயம்தான். வண்டி ஏறிவிடாமலிருக்க நெல்லைச் சுற்றிக் கல் வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளி, மூட்டை கட்டி, ஒரு மணி சிந்தாமல் கூட்டிப் பெருக்கி எடுத்துப் போவார்கள். கல்லை மட்டும் விட்டுவிடுவார்கள், நாளைக்கும் வேண்டுமே! கல்யாணமான புதிதில் நானும் அப்படி விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியோடு தீர்ப்பையும் கொண்டுவந்தார்கள். கண் பட்டுவிட்டது என்றாள் ஒருத்தி. நான் விழுந்த அந்த வளைவே சரியில்லை என்றார் ஒரு பெரியவர். பொம்பளைக்கு எதற்கு வண்டி என்றார்கள் மற்றவர்கள். கல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கணவரே, "பேஜாரு வேணாம், வண்டிய வித்துரலாம்" என்று இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் நெல் கொட்டியவன் என் கொழுந்தன். அவனோ, "அது நம்ம கல்லு இல்ல அண்ணி, யாரோ வெச்சது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சாதித்தான்.

பூசணிக்காய் உடைத்தான் என்று கேட்டதும் எழுந்து நடந்தேன். சாலை நடுவே குங்குமமும் வழவழவென்று பூசணிச் சதையும் சிதறிக் கிடந்தன. என் கண்ணெதிரே பைக்கில் வந்த ஒருவர் அதில் வழுக்கி, காலை ஊன்றித் தப்பித்து, திட்டிக்கொண்டே போனார். இரண்டடி தள்ளிக் கல் வரிசை, வைத்தது வைத்தபடி. கொழுந்தன் அங்கேதான் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணி, கட்டோட வந்துக்கினு கீறீங்க? திருஷ்டி கழிச்ச எடம், மிதிக்காதீங்க!"

"நட்டநடு ரோட்ல ஒடச்சிட்டு மிதிக்காதன்னா எப்பிடிப்பா? மொதல்ல இத்த வாரு. அப்பால கல்ல எடு."

"கல்ல எடுத்தா லாரிக்காரன் நெல்லு மேல ஏத்திக்கினு பூடுவான் அண்ணி."

"நெல்லு கீற வரைக்கும் வெச்சிக்கோ. நெல்லு வூட்டுக்குப் போனப்புறம் கல்லு எதுக்கு காவல் நிக்குது?"

முறத்தை எடுத்துவந்து பூசணியை வாரிக் கொட்டினான். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நெல்லை மூட்டை கட்டி முடிக்கும்வரை நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு கல்லாகச் சாலையை விட்டு உருட்டித் தள்ளினான். ஏழாவதோ எட்டாவதோ கல்லைப் புரட்டும்போது அவன் கை நின்றது. அதன் விளிம்பில் என் ஸ்கூட்டரின் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

"அண்ணி" என்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை.

"கட்டுப் பிரிச்சதும் இதே ரோட்லதான் வண்டியில வருவேன்" என்றேன். "நான் ஒதுங்கறதுக்கு எடம் வை."