இறங்கினா நல்லது

என் மச்சினி என்னிடம் முதலீட்டுக்கு யோசனை கேட்ட அன்று, என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. சிரிக்கட்டும். கூட வேலை பார்த்த ஒருவன் பேச்சைக் கேட்டு, பேர் தெரியாத ஒரு கம்பெனியின் பங்கில் எட்டு மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அது நடந்து நான்கு வருடமாகிறது. இன்றைக்கும் வீட்டில் உப்பு தீர்ந்துபோனால்கூட அந்தப் பேச்சில்தான் வந்து நிற்கும்.

"போயும் போயும் இவர்கிட்டயா கேக்கிற? வேற ஆளே கிடைக்கலியா உனக்கு?" என்றாள்.

"அதனாலதான்க்கா கேக்கிறேன்," என்றாள் சின்னவள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். "மாமா எப்படியெல்லாம் தொலைச்சாருன்னு சொல்லட்டும். அதையெல்லாம் செய்யாம இருந்துட்டுப் போறேன்."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான், என்ன செய்ய!

சின்னவளுக்கு இருபத்திரண்டு வயது. பல் ஆஸ்பத்திரியில் வேலை. குறடு, கண்ணாடி, தட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, கிருமி சாக ஆவிப் பெட்டியில் வைத்து எடுத்து, உறையில் போட்டு அடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தால் நாங்கள் கழுவி வைத்த டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவுவாள். அக்காளுக்கும் தங்கைக்கும் பாதிச் சண்டை அதில்தான். அவளுடைய ஒரே ஆசை, பல் செட் செய்யும் படிப்பில் சேர வேண்டும் என்பது. அந்த ஃபீஸோ வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது. பேங்க்கில் சும்மா போட்டு வைத்தால் இவள் பணம் நடக்கும், ஃபீஸ் ஓடும். ஆறேழு வருடமானாலும் பரவாயில்லை, யாரிடமும் கையேந்தாமல் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். நான் ஏதாவது சொல்லி அதைக் கெடுத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் தொலைத்த கதையைச் சொன்னேன். வாடகைக்கு வைத்திருந்ததையும் சேர்த்துப் போட்டேன் என்றதும் நிறுத்தினாள். "அப்ப விலை குறைஞ்சப்ப காத்திருக்க முடியல, வித்துட்டீங்க. சரியா?" என்றாள். சரிதான். அதனால் அவள் முதலில் மூன்று மாதச் செலவை பேங்க்கில் தனியே சேர்த்து ஒதுக்கினாள். அதற்கே அரை வருடம் போயிற்று. ஒரே கம்பெனியை நம்பினேன் என்றேன். அவள் பெரிய கம்பெனிகள் ஐம்பதில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போடுகிற, கட்டணம் குறைந்த ஒரு ஃபண்டைத் தேடிப் பிடித்தாள். மாதம் ஐந்நூறு. ஏறும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கணக்குத் தொடங்க முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது போன். மூன்று தடவை எடுத்தும் முகம் தெரியவில்லை என்றது. நான் போனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் அம்மணி ஆஸ்பத்திரி முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை.

"ஐந்நூறை வெச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறாளாம்?" என்றாள் என் மனைவி.

ஏழு மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை சந்தை சரிந்தது. நான் பஸ்ஸை நிலையத்தில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சின்னவளிடமிருந்து செய்தி: "ரொம்ப இறங்குது மாமா, என்ன செய்ய?" விலை குறைந்தால் அதே ஐந்நூறுக்குக் கூடுதலாகக் கிடைக்குமே, நல்லதுதானே என்று நினைத்தேன். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். "இறங்கினா நல்லது" என்று அவசரமாகத் தட்டி அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பதினாறு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். என் வாயிலிருந்து 'இறங்கு' என்று வந்தால் கேட்பவர்களுக்கு என்ன தோன்றும்? அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னவள், "இறங்கிட்டேன் மாமா," என்றாள்.

"எங்கே?"

"எங்கேன்னா? நீங்கதானே இறங்கினா நல்லதுன்னீங்க. எல்லாத்தையும் வித்துட்டேன்."

"ஐயையோ, விலை இறங்கினா நல்லதுன்னு சொன்னேம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். போட்டது மூவாயிரத்து ஐந்நூறு, திரும்பி வரப்போவது மூவாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. நஷ்டத்தை நானே தருகிறேன் என்றேன். என் மனைவி இந்தத் தடவை சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "விட்டுடுடி. இதெல்லாம் நமக்கு ஒத்து வராது. படிப்பைப் பத்தி அப்புறம் பாக்கலாம்," என்று மெதுவாகச் சொன்னாள். "சரிக்கா," என்றாள் சின்னவள். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் அழுகையே வந்துவிட்டது எனக்கு. என் ஒரு வரியால் அந்தப் பெண்ணின் படிப்பு போயிற்றே!

ஐந்து நாள் எங்கள் பக்கமே அவள் வரவில்லை. ஆறாம் நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க மேல பழியைப் போட்டுடலாம்னு அஞ்சு நாளாப் பாக்கிறேன், முடியல. உங்களைக் கேக்கிறதுக்கு முன்னாடியே விக்கணும்னு கை துடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. யாராவது ஒருத்தர் தலையை ஆட்டினாப் போதும்னு இருந்தேன். அதான் உங்க செய்தியை எனக்கு வேணுங்கிற மாதிரி படிச்சுட்டேன்."

"சரி, இப்ப என்ன பண்ணப் போற?"

"பண்ணிட்டேன். வந்த பணத்தை அப்படியே திரும்பப் போட்டுட்டேன். மாசா மாசம் பேங்க்ல இருந்து தானாப் போயிடும். இனிமே உங்களைக் கேக்க மாட்டேன் மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க."

முந்நூற்றுப் பத்தை நீட்டினேன். தள்ளிவிட்டாள். "நீங்க எட்டு மாசச் சம்பளம் குடுத்துக் கத்துக்கிட்டது எனக்கு முந்நூத்திப் பத்துக்குக் கிடைச்சிருக்கு. கொள்ளை மலிவு!" என்றாள். கேட்க மாட்டேன் என்றது எனக்குக் கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் சம்பளம் ஏறியபோதெல்லாம் போடுவதையும் ஏற்றினாள். இரண்டு வருடம் கழித்துப் போன வாரம், அன்றைக்கு விழுந்ததைவிடப் பலமாக விழுந்தது சந்தை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும் அவளை அழைத்தேன்.

"சின்னவளே, பாத்தியா? பயங்கரமா விழுந்திருக்கு!"

"அப்படியா? நான் பாக்கலியே. இங்க ஒருத்தர் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு மாமா, அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"விழுந்தது போக இப்ப எவ்வளவு இருக்காம்?" என்றாள் அவள்.

"நான் போட்ட கணக்குப்படி, முதல் வருஷ ஃபீஸ்ல மூணுல ஒரு பங்கு."

மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். பிறகு, "எனக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுத் தரச் சொல்லுங்க," என்றாள். நான் ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க எதுக்கு உக்கார்றீங்க? அவளைக் கூப்பிடுங்க."